ஈரக்காற்றில் லைக்கமிங் எஞ்சின்: உலர்காற்றுப் பெட்டி எவ்வளவு உதவுகிறது?

சிலேத்தார் விமான நிலையத்தில் நிற்கும் விமானத்துக்கு எஞ்சின் சூடேற்றி வீண்செலவு. சிங்கப்பூரின் விடியற்காலை வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. ஆனாலும் முதல் ஸ்டார்ட்டில் கேம்ஷாஃப்ட் தேய்கிறது. குற்றவாளி ஈரம். லைக்கமிங் எனும் சிறுவிமான எஞ்சினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கிராங்க்ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மேலே இருப்பதால், நின்றதும் எண்ணெய் வடிந்துவிடும்; ஓடும்போதும் தெறித்து வருவதை நம்பியே இருக்கிறது. வறண்ட லோபில் (கேம்ஷாஃப்டின் புடைப்பில்) பிடிக்கும் துருப்புள்ளி, அது தள்ளும் டேப்பெட்டின் முகத்தை அரம்போல் உரசும்.

உலர்காற்றுப் பெட்டி எளிமையானது: காற்றுப் புகாத டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் ஒன்றரைக் கிலோ, மீன்தொட்டிப் பம்பு, இரண்டு குழாய்கள். உலர்ந்த காற்று எண்ணெய் ஊற்றும் வாய் வழியே போய், ப்ரீதர் (எஞ்சின் மூச்சுவிடும் குழாய்) வழியே டப்பாவுக்கே திரும்ப வேண்டும். ஒருவழியாக ஊதினால் இந்த ஊர்க் காற்றில் மணிகள் சில நாளில் தீர்ந்துவிடும்.

பலர் சறுக்குவது பம்பில்தான். மீன்தொட்டிப் பம்பு தன் கூட்டின் இடுக்குகள் வழியே வெளிக்காற்றை உறிஞ்சும். ஆகவே பம்பையே டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டும். அடுத்து, வெளிக்காற்று புகும் இன்னொரு வழி: ப்ரீதர் குழாயில் உள்ள சிறு துளை. பறக்கும்போது குழாயின் நுனி உறைந்து அடைத்தால் எஞ்சின் மூச்சுவிட வைத்தது அது. நிற்கும்போது டேப் ஒட்டலாம், ஆனால் சிவப்புப் பட்டையுடன். பறக்கும் முன் டேப்பும் குழாயும் கழன்றே ஆகவேண்டும்.

திரும்பும் காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் போதும். ஆரஞ்சு மணிகள் ஈரம் ஏறிப் பச்சையானால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம். சமையலுக்குப் பயன்படும் அடுப்பில் வேண்டாம்.

இறங்கியதும் டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவுக்கோலை) திறந்து ஆவியைப் போகவிட்டுப் பிறகே பம்பை இணையுங்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் தரையில் ஓட்டுவது கெடுதல்: நீர் சேரும், ஆவியாகாது. 30 நாளுக்குள் ஒருமுறையாவது, எண்ணெய் 74 முதல் 93 டிகிரியில் ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுவதும் ஒட்டியிருக்கும் எண்ணெயை வழித்தெடுப்பதுதான்.

எண்ணெயில், குளிரிலும் இளகி ஓடும் 15டபிள்யூ-50 ரகம் இங்கே தேவையில்லை. ஒற்றைத் தர எண்ணெயான ஏரோஷெல் டபிள்யூ100 பிளஸ் தடிப்பாக ஒட்டி நிற்கும், தேய்மானத் தடுப்புக் கலவையும் அதில் உண்டு. ஸ்டார்ட்டில் 1000 ஆர்பிஎம். 30 விநாடியில் எண்ணெய் அழுத்தம் காட்டாவிட்டால் நிறுத்துங்கள்.

ஏற்கெனவே குழி விழுந்த லோபை இந்தப் பெட்டி சரிசெய்யாது. எஞ்சின் ஓடும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் ஃபில்டரை அறுத்துப் பார்த்து, காந்தத்தில் ஒட்டும் துகள் இருந்தால் பெட்டி வாங்கும் காசைச் சிலிண்டர் கழற்றிப் பார்க்கச் செலவிடுங்கள்.