ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கு ஃபெரியில் போகத் திட்டமா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கிளாஸ்கோ பக்கம் இருக்கிற நம் ஆட்கள் பலரும் கோடை வந்தால் ஆரன், மல், ஐலா என்று ஏதாவது ஒரு தீவுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப் போகிறவர்களுக்கும், தீவு மருத்துவமனைகளில் வேலை கிடைத்துக் குடிபோகிற மருத்துவர், செவிலியர் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். 2024 கோடையில் ஆரனுக்குப் போகக் கிளம்பிய நாங்கள் ஆர்ட்ரோசன் துறைமுகத்தோடு திரும்பி வந்தோம். இயந்திரம் என்றால் பழுதாகத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கப்பல் ரத்தான பிறகு “இது எங்கள் பொறுப்பு” என்று சொல்ல ஒருவர்கூட இல்லாததை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாமனாரும் மாமியாரும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். லண்டனிலிருந்து நம் ஆள் ஒருவர் நடத்தும் சுற்றுலா நிறுவனத்தில், ஆரனில் கப்பல் போய்ச் சேரும் பிராடிக் ஊரில் தங்கும் அறையும் காரோடு ஃபெரி டிக்கெட்டும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டியிருந்தோம். துறைமுகத்தை நெருங்கும்போது குறுஞ்செய்தி வந்தது: தொழில்நுட்பக் கோளாறு, சேவை ரத்து. அடுத்த நடையும் ரத்து. மறுநாள் ஓடுமா என்று கேட்டால் நிலவரத்தைப் பார்த்துச் சொல்வார்களாம். கவுன்ட்டரில் இருந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு வந்த அதே செய்திதான் அவருக்கும் வந்திருந்தது, அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. கின்டயர் தீபகற்பம் வரை சுற்றிக்கொண்டு கிளோனெக் போனால் அங்கிருந்து ஆரனின் வடக்கு முனையான லோக்ரான்சாவுக்கு ஒரு சின்ன ஃபெரி உண்டு. ஆனால் அதற்கு முன்பதிவு கிடையாது, முதலில் போனவருக்கு முதல் இடம். பெரிய கப்பல் ரத்தானால் அதில் போகவேண்டிய கார்களும் அங்கேதான் போய் நிற்கும். சர்க்கரை நோயுள்ள மாமனாரை வைத்துக்கொண்டு அந்த வரிசைக்குப் போக மனம் வரவில்லை.

அன்று காத்திருப்புக் கூடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஆரனைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா இருந்தார். கண் பரிசோதனைக்காகப் பெரிய மருத்துவமனைக்கு வந்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். “எங்களுக்கு இது வாடிக்கை, தங்கை வீட்டில் படுத்துக்கொள்வேன்” என்றார். பரிசோதனைக்குத் தேதி கிடைப்பது ஒரு பாடு, அந்தத் தேதியில் கப்பல் கிடைப்பது இன்னொரு பாடு என்றும் சொன்னார். எங்கள் விடுமுறை போனதைவிட அவர் இதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் என்னை இவ்வளவு தூரம் தோண்ட வைத்தது.

முதலில் முகவரிடம் கேட்டோம். “அண்ணா, கப்பல் ஓடாததுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? அது கவர்மென்ட் கப்பல்” என்றார். தங்குமிடத்தில் கேட்டால், அறை தயாராக இருந்தது, வராதது நீங்கள்தான் என்றார்கள். சரி, கப்பலை இயக்கும் நிறுவனத்துக்கு எழுதினேன். கப்பலுக்கு வயதாகிவிட்டது, கப்பல் எங்களுடையதும் அல்ல, சொந்தக்காரர் வேறு நிறுவனம் என்று பதில் வந்தது. அந்த நிறுவனத்துக்கு எழுதினால், எந்தக் கப்பல் எங்கே எப்போது ஓடும் என்பது இயக்குபவர் முடிவு, புதுக் கப்பலுக்குப் பணம் தருவது அரசு என்றார்கள். அரசுத் துறைக்கு எழுதினால், அன்றாட இயக்கம் நிறுவனத்தின் வேலை என்று முதல் படிக்கே திருப்பி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். மேற்குக் கரைத் தீவுகளின் சேவையை இயக்குவது அரசுக்குச் சொந்தமான நிறுவனம். கப்பல்களையும் பல துறைமுகங்களையும் வைத்திருப்பதும் அரசு நிறுவனம்தான். 2006 வரை இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சேவையை டெண்டர் விட வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் கேட்டதால், ஓட்டுபவர் தனி, சொந்தக்காரர் தனி என்று பிரித்தார்கள். ஓட்டுவதற்கான ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்திடுவது ஸ்காட்லாந்து அமைச்சர்கள். ஆக, ஒருவரை ஒருவர் கைகாட்டும் இவர்கள் எல்லோருக்கும் முதலாளி ஒரே அரசுதான். ஆர்ட்ரோசன் துறைமுகம் மட்டும் அன்று தனியார் கையில் இருந்தது. அதுவும் கைகாட்ட இன்னொரு விரலாகத்தான் பயன்பட்டது.

2016 டெண்டரில் தனியார் நிறுவனம் ஒன்றும் போட்டியிட்டது. கடைசியில் அரசு நிறுவனத்துக்கே எட்டு ஆண்டு ஒப்பந்தம் போனது, மதிப்பு சுமார் 90 கோடி பவுண்டு. டெண்டர் என்றால் வேலை சரியில்லாவிட்டால் அபராதம் இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இருந்தது. ஆனால் வானிலை, தொழில்நுட்பக் கோளாறு என்று அந்த ஒப்பந்தம் ஏற்றுக்கொண்ட காரணங்களுக்காக நடை ரத்தானால் விலக்கும் இருந்தது. அதனால் சேவை எவ்வளவு ஒழுங்காக ஓடியது என்பதற்கு இரண்டு கணக்கு இருந்தது: உண்மையில் எத்தனை நடை ஓடியது என்பது ஒன்று, விலக்குகளைக் கழித்த ஒப்பந்தக் கணக்கு இன்னொன்று. இரண்டாவது எப்போதும் அழகாக இருக்கும். எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் இது எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள்.

எல்லாக் கப்பலும் ஏன் இப்படிக் கிழடாக ஓடுகிறது என்று கேட்கலாம். அன்று ஆரனின் முக்கியக் கப்பலாக இருந்த கலிடோனியன் ஐல்ஸ் 1993இல் கட்டியது. 2024 ஜனவரியில் பராமரிப்புக்குப் போனபோது அதன் இரும்பில் துரு கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் அது சேவைக்குத் திரும்பவே இல்லை. அதற்குத் துணையாக ஓடிய ஐல் ஆஃப் ஆரன் 1984ஆம் ஆண்டுக் கப்பல். போதாததற்கு ஆல்ஃபிரட் என்ற தனியார் கப்பலை மாதம் சுமார் 10 லட்சம் பவுண்டு வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். இன்னொரு பக்கம், சாலையில் அதே தூரம் போக ஆகும் செலவை வைத்துக் கணக்கிட்ட மலிவுக் கட்டணத்தை 2015க்குள் மேற்குக் கரைத் தீவுகள் எல்லாவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. கூட்டம் கூடியது, கார் கூடியது, ஆனால் கப்பல் மட்டும் கூடவில்லை.

புதுக் கப்பல் கட்டாமல் இல்லை. 2015இல் போர்ட் கிளாஸ்கோவில் உள்ள ஃபெர்குசன் கப்பல் கட்டும் தளத்துக்கு இரண்டு ஃபெரிகளுக்கான ஒப்பந்தம், 9.7 கோடி பவுண்டுக்கு. 2018இல் இரண்டும் ஓடியிருக்க வேண்டும். 2017 நவம்பரில் அன்றைய முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜன் அவற்றில் முதல் கப்பலான கிளென் சானக்ஸை நீரில் இறக்கினார். அன்று அந்தக் கப்பலின் முகப்பில் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். 2019இல் தளம் திவாலாகி அரசுடைமை ஆனது. அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில்தான். ஆரனுக்காகக் கட்டிய அது ஆர்ட்ரோசன் துறைமுகத்துக்குள் அடங்கவில்லை, ட்ரூன் துறைமுகத்திலிருந்து ஓடுகிறது. இரண்டாவது கப்பலான கிளென் ரோசா 2025 முடிந்தும் வரவில்லை. இரண்டுக்குமான மொத்தச் செலவு 40 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

இதில் என்னை மிகவும் கோபப்படுத்துவது ஒரு காகிதம். கப்பல் கட்டுபவர் சொன்னபடி முடிக்காவிட்டால் கொடுத்த பணம் முழுவதும் திரும்பி வரும் என்ற உத்தரவாதம் இந்தத் தொழிலில் வழக்கமானது. அது முழுமையாக இல்லாமலே ஒப்பந்தம் போட்டார்கள். கப்பலுக்குச் சொந்தக்காரரான அரசு நிறுவனமே இதைப் பற்றிக் கவலை தெரிவித்திருந்தது. பிறகும் ஏன் துணிந்தார்கள் என்று 2022 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் தணிக்கை அமைப்பு தேடியபோது, அமைச்சர்கள் அந்த ஆபத்தை ஏன் ஏற்றார்கள் என்பதை விளக்கும் போதுமான ஆவணம் இல்லை என்று எழுதியது. அப்புறம் மே மாதத்தில் ஒப்புதல் தந்ததைக் காட்டும் ஒரு மின்னஞ்சல் கிடைத்துவிட்டது என்றார்கள். ஒப்புதல் தந்தது தெரிந்தது. ஏன் தந்தார்கள் என்பது அதிலும் தெளிவாகவில்லை. நம் வரிப்பணத்தில் இவ்வளவு பெரிய தொகைக்குக் கையெழுத்திடுகிறவர்கள் காரணத்தை ஒரு தாளில் எழுதி வைக்க மாட்டார்களா?

ஒரு கப்பல் படுத்தால் அந்தத் தீவு மட்டும் பாதிக்கப்படும் என்று நினைக்காதீர்கள். உபரிக் கப்பல் கிடையாது, அதனால் ஆள் குறைவாக உள்ள தீவின் கப்பலை எடுத்து வேறு தடத்தில் விடுவார்கள். தெற்கு யூயிஸ்ட் தீவின் லோக்பாய்ஸ்டேல் துறைமுகத்துக்கு இது பலமுறை நடந்தது. 2023 ஜூனில் ஏறக்குறைய மாதம் முழுவதும் அங்கே சேவை இல்லை. தீவு மக்கள் நூற்றுக்கணக்கில் வண்டிகளோடு துறைமுகத்தில் திரண்டு போராடினார்கள். இத்தனை சின்னத் தீவில் அவ்வளவு பேர் வீதிக்கு வந்தார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் நண்பர்கள், விமானத் தேதியை ஃபெரித் தேதியோடு ஒட்டி வைக்காதீர்கள். இடையில் ஓரிரு நாளாவது விடுங்கள்.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். கடல் பயணிகளின் உரிமை பற்றிய 1177/2010 என்ற ஐரோப்பிய விதி பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டனில் நடப்பில் இருக்கிறது. கப்பல் ரத்தானால் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்குவதா, அடுத்து கிடைக்கும் வழியில் போவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குத்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைத்தால் சாப்பாடு கேட்கலாம். ராத்தங்கல் ஆனால், காரணம் வானிலையாக இல்லாத பட்சத்தில், தங்கும் செலவையும் கேட்கலாம். வேறு நடையில் போய்ச் சேர்ந்து, ஆரன் மாதிரிக் குறுகிய பயணத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு இழப்பீடு உண்டு, இரண்டு மணி நேரம் தாண்டினால் பாதி. வானிலைக்கு இது கிடையாது. அதனால்தான் ரத்துக்கான காரணம் சொல்லி வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள் என்கிறேன். புகாரை இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

முகவரிடம் ஏமாறாதீர்கள். அறையும் ஃபெரியும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் 2018ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண விதிகளின்படி முழுப் பொறுப்பும் விற்றவருடையது. கப்பல் யாருடையது என்பது நம் கவலையே இல்லை. இந்த விதியைப் பெயர் சொல்லி எழுதிய பிறகுதான் எங்கள் முகவரின் குரல் மாறியது. அதுவரை போனையே எடுக்காதவர், ஃபெரிப் பணம் போக அறைக்குப் பாதி தருகிறேன் என்றார். ஃபெரிப் பணமோ அவருக்கு எப்போதோ திரும்பி வந்துவிட்டது, எங்களிடம் சொல்லவில்லை. இதைத்தான் ஏமாற்று என்கிறேன். தனித்தனியாகப் பதிவு செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அப்போது கடைசி நேரத்தில் ரத்து செய்ய விடும் தங்குமிடமாகப் பாருங்கள். 100 பவுண்டுக்கு மேல் உள்ளதை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. எங்கள் மீதிப் பணம் அந்த வழியில்தான் வந்தது.

அரசிடம் கேள்வி கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று. இயக்கும் நிறுவனம், கப்பல் வைத்திருக்கும் நிறுவனம் இரண்டும் அரசுடையவை என்பதால் ஸ்காட்லாந்தின் தகவல் அறியும் சட்டம் இரண்டுக்கும் பொருந்தும். நீங்கள் நின்ற நாளில் எந்த நடை எந்தக் காரணத்துக்காக ரத்தானது, ஒப்பந்தக் கணக்கில் அது விலக்காகப் போனதா, அபராதம் பிடித்தார்களா என்று கேளுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து இந்தச் சேவையை டெண்டரே இல்லாமல் அதே நிறுவனத்துக்குப் பத்து ஆண்டுக்கு நேரடியாகக் கொடுத்துவிட்டார்கள். போட்டியாளர் வந்து குறையைச் சொல்வார் என்ற வாய்ப்பும் இனி இல்லை. வருகிற பதிலின் நகலை உங்கள் தொகுதியின் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அவர் அதை அமைச்சரிடம் எழுத்துக் கேள்வியாக வைக்கலாம்.