பாலிஸ்டிக் ஊசல்: ஓராண்டு பயன்படுத்திய பிறகு

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், எங்கள் மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்துக்கு ஹரியானாவின் அம்பாலாவில் தயாரான பாலிஸ்டிக் ஊசல் ஒன்றை வாங்கினோம். ஸ்பிரிங் துப்பாக்கியிலிருந்து கிடையாகப் பாயும் எஃகுக் குண்டு, எதிரே தொங்கும் ஊசலின் கூட்டுக்குள் புகுந்து சிக்கிக்கொள்ள, இரண்டும் ஒன்றாக மேலே எழும். எழுந்த உயரத்தைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட வேண்டும். தோட்டாவின் வேகத்தை அளக்க 1742இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ் விவரித்த அதே ஏற்பாடுதான்.

எங்கள் கருவியில் குண்டின் நிறை 65 கிராம், ஊசலின் நிறை 245 கிராம். முதல் சோதனையில் நிறை மையம் 6 செ.மீ. உயர்ந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர் குண்டின் இயக்க ஆற்றலை நேராக நிலை ஆற்றலோடு சமன்படுத்தி, வேகம் நொடிக்கு 2.37 மீட்டர் என்றார்கள். மோதிய இரண்டும் ஒட்டிக்கொள்ளும் முழு மீட்சியற்ற மோதலில் உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கி வருவது) மட்டுமே மாறாமல் இருக்கும், இயக்க ஆற்றலில் ஏறத்தாழ 79 விழுக்காடு அந்த ஒரு கணத்திலேயே வெப்பமாகவும் ஒலியாகவும் போய்விடும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் அவர்கள் மனம் ஒப்புவதில்லை. உந்தத்தின் வழியே கணக்கிட்டால் நொடிக்கு 5.17 மீட்டர் வருகிறது.

இந்த இடத்தில்தான் கருவி தன் விலைக்குத் தகுதியாகிறது. ஊசலைத் தூக்கி ஒதுக்கிவிட்டு, 90 செ.மீ. உயர மேசையிலிருந்து குண்டை வெளியே சுடலாம். 2.37 சரியென்றால் அது ஒரு மீட்டர் தொலைவில் விழ வேண்டும். மாணவர்களே அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள். குண்டு அந்தக் கோட்டைத் தாண்டிப் பறந்து கார்பன் தாளின்மேல் விழுந்தது. தாளை விலக்கிப் பார்த்தால், மிளகளவு கரும்புள்ளி 2.12 மீட்டரில் பதிந்திருந்தது. அந்தப் புள்ளியைக் குனிந்து பார்த்த பிள்ளைகளுக்கு அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

5.17க்கு உரிய நெடுக்கம், அதாவது குண்டு விழ வேண்டிய தொலைவு, 2.22 மீட்டர், பத்து செ.மீ. குறைவது ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். ஊசலின் நிறை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாக எளிய சூத்திரம் கொள்கிறது. உண்மையில் தண்டுக்கும் நிறை உண்டு, ஆகவே நிறை சுழலும் அச்சிலிருந்து எப்படிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் நிலைமத் திருப்புத்திறனைச் சேர்க்க வேண்டும்; அப்போது வேகம் 5.17ஐவிடச் சற்றுக் குறைவாக வரும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

ஊசல் எழுந்த கோணத்தைக் காட்டும் கோணமுள்ளின் திருகு மூன்றாம் மாதத்திலேயே தளர்ந்தது. ஊசல் நின்ற பிறகும் முள் சற்று முன்னே நழுவியதால் உயரம் கூடுதலாகக் காட்டியது. விற்றவரிடம் இருமுறை தெரிவித்தும் மாற்றுப் பாகம் வரவில்லை, ரப்பர் வாஷர் ஒன்றைச் செருகி நாங்களே சரிசெய்தோம். மேசையில் இறுக்கும் கிளாம்பும் பெட்டியில் இல்லை. அது இல்லாமல் சுட்டால் துப்பாக்கி பின்னோக்கி நகர்ந்து குண்டின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், வாங்கும் பள்ளிகள் அதையும் விலையோடு சேர்த்துக் கேட்டுப் பெறுவது நல்லது.