தோலில் எறும்பு வரிசை: வாக்கிங் ஃபுட் மெஷினுடன் நான்கு ஆண்டுகள்

காரைக்குடியில் நான் தைப்பதில் பாதிக்கு மேல் பனையோலைக் கொட்டான்களுக்கான தோல் கைப்பிடிகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய வாக்கிங் ஃபுட் மெஷின் ஒன்றை வாங்கினேன். தடித்த தோலைக் கீழிருந்து மட்டுமல்லாமல் மேலிருந்தும் நகர்த்தும் தையல் மெஷின் அது. முதல் கைப்பிடிகளைக் கானாடுகாத்தான் ஆச்சி ஒருவரிடம் கொடுத்தபோது, அவர் தையலைப் பார்க்கவே இல்லை. அதன் ஓரத்தில் விரலை ஓட்டிவிட்டு, "இதென்ன தம்பி, எறும்பு வரிசை போன மாதிரி இருக்கிறதே?" என்றார்.

ஃபுட்டின், அதாவது தைக்கும்போது தோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் உலோகப் பாதத்தின், பல் பதிந்த தடம் அது. மெஷினோடு வந்த ஃபுட்டின் அடியில் ரம்பம் போல வரி இருந்தது. கேன்வாஸுக்கும் சீட் கவர் துணிக்கும் அந்தப் பிடி நல்லதுதான். நான் தைப்பதோ திண்டுக்கல் பக்கத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல், மரப்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடிப்பது. (செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சிலும் கடுக்காய் உண்டு. எங்கள் ஊரில் சுவருக்கும் தோலுக்கும் ஒரே மருந்து.) இந்த வகைத் தோலில் எது அழுந்தினாலும் அப்படியே பதிந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிட்டால் நகம் பட்டாலே போதும்.

முதலில் அழுத்தத் திருகைத் தளர்த்தினேன். எல்லோரும் சொல்லும் வைத்தியம். தடம் குறைந்தது, ஆனால் ஊசி மேலேறும்போது தோலும் கூடவே எழும்பித் தையல் விட்டுவிட்டு விழுந்தது. ஃபுட் தூக்கும் உயரத்தைக் குறைத்து, மெதுவாக ஓடும் சர்வோ மோட்டாரையும் மாட்டியபின் தோலில் அது 'டக் டக்' என்று அடிப்பது அடங்கியது. மோட்டாருக்குக் கொடுத்த பணம் வீணில்லை. ஃபுட்டின் அடியில் டேப் ஒட்டிப் பார்த்ததைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். பசை தோலில் ஏறியதுதான் மிச்சம்.

சர்வீஸுக்கு வந்த வயதான மெக்கானிக்தான் கண்ணைத் திறந்தார். "தம்பி, இந்த மெஷினில் ஊசியும் சேர்ந்துதானே தோலை நகர்த்துகிறது. மேலே பல் எதற்கு?"

உண்மைதான். இதில் ஊசி, அதை ஒட்டிய உள் ஃபுட், தோலை அடியிலிருந்து தள்ளும் கீழ்ப்பல் மூன்றும் சேர்ந்தே நகர்கின்றன. வெளி ஃபுட்டின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும். உபரியாக இரண்டு ஃபுட் வாங்கி, உள் ஃபுட்டையும் வெளி ஃபுட்டையும் அரத்தால் பல் போகும்வரை தேய்த்தேன். பிறகு 220, 400, 800, 1500 என்று உப்புத்தாள், கடைசியில் பாலிஷ். பல்லைவிட முக்கியமானது முனை. முன்விளிம்பும் பக்கவிளிம்பும் கூராக இருந்தால் மூலை திருப்பும் இடமெல்லாம் பிறைநிலா விழும். அவற்றை உருட்டுவதற்குத்தான் பாதி நாள் ஆயிற்று.

அந்த உற்சாகத்தில் ஒரு தவறும் செய்தேன். மேசையைச் சரியாகத் துடைக்காமல், லேசாக நனைத்த தோலை அதன்மேல் வைத்துவிட்டேன். மறுநாள் காலை தோல் முழுக்கக் கருப்புப் புள்ளி. இரும்புத் தூளும் பட்டைச் சத்தும் ஈரத்தில் சேர்ந்தால் மை ஆகிவிடும். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துடைத்ததில் பெரும்பாலானவை மங்கின. இரண்டு துண்டுகள் போனது போனதுதான்.

இப்போது 110 எண் ஊசியும் நைலான் நூலும் போட்டு, தையல் நீளம் 4 மி.மீ. வைக்கிறேன். அழுத்தத்தைத் திரும்பவும் ஓரளவு ஏற்றிவிட்டேன். வழவழப்பான ஃபுட் அதைத் தாங்குகிறது. சாப்பிடப் போகும்போது ஃபுட்டைத் தூக்கிவைத்துவிட்டுத்தான் எழுவேன். மீறிப் பதிகிற மெல்லிய தடத்தில் ஈரப் பஞ்சை ஒற்றி, எலும்புப் பட்டையால் தேய்த்தால் தோல் உப்பி வந்துவிடும். மேலே பெயின்ட் பூச்சு உள்ள குரோம் தோலில் (பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்டது) இந்த வித்தை பலிக்காது. பூச்சு கிழிந்தால் கிழிந்ததுதான்.

வீட்டு மெஷின் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்து அரத்தை எடுக்க வேண்டாம். அங்கே ஊசி தோலோடு சேர்ந்து நகராது. தோல் ஃபுட்டில் ஒட்டிக்கொள்வதுதான் பெரிய தொல்லை. டெஃப்லான் ஃபுட்டோ ரோலர் ஃபுட்டோ போதும்.

கீழ்ப்பல்லை மட்டும் நான் தொடவில்லை. அதைத் தேய்த்தால் உயரம் குறைந்து, தோல் சரியாக நகராது. அதனால் அடிப்பக்கம் எறும்பு வரிசை இன்னமும் ஓடுகிறது. அந்தப் பக்கத்தை உள்ளங்கை படும் பக்கமாக வைத்துத் தைக்கிறேன். ஆச்சி இதுவரை கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.