தெர்மோஸ்டாட்டில் குறையில்லை, அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான் தொல்லை

நண்பன் ஒருவனின் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0128 என்று ஒரு பிழைக் குறியீடு வருகிறது, இன்ஜின் போதிய சூட்டை எட்டவில்லை என்று அதற்கு அர்த்தம். தெர்மோஸ்டாட் போயிருக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வுதான் அது. "நீ வீட்டிலேயே மாத்தினியே, இப்ப எப்படி ஓடுது? நானும் கை வைக்கலாமா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. தெர்மோஸ்டாட்டைச் சுற்றியிருக்கும் ஹவுசிங்கை, அதாவது அதன் கூட்டை, சமீபத்தில் மறுபடியும் மாற்றியிருக்கிறேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அது நிஜமாகவே நல்லது. பழைய தெர்மோஸ்டாட் மூடாமல் பாதி திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. நெரிசலில் ஊர்ந்தால் முள் நடுவுக்கு வரும், நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் சரசரவென்று கீழே இறங்கும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் கூலன்ட் 70 டிகிரி பக்கம் தள்ளாடிக்கொண்டிருக்கும். ஹீட்டரைத் திறந்தால் வெதுவெதுப்பான காற்று, அவ்வளவுதான். புதியதைப் போட்ட பிறகு இன்ஜின் சூடேறும் விதமே மாறிவிட்டது. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே 88-ஐத் தொடுகிறது, தொட்ட இடத்திலேயே நிற்கிறது. ஏற்றமோ சமதளமோ, ஓரிரு டிகிரிக்கு மேல் ஆடுவதில்லை. இத்தனை காலம் ஓட்டிய பிறகும் முள் அப்படி அசையாமல் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மைலேஜ் கூடியதா என்றால், குறுகிய ஓட்டங்களில் வித்தியாசம் தெரிந்தது. கூலன்ட் குளிர்ந்தே இருந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எடுத்துக்கொண்டு எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாகவே விடும். அந்த வீண் செலவு இப்போது இல்லை.

இதையெல்லாம் செய்வது ஒரு சிட்டிகை மெழுகு. பித்தளைக் கிண்ணத்துக்குள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். கூலன்ட் சூடாகும்போது மெழுகு உருகி விரியும், விரிந்து உள்ளே இருக்கும் ரப்பரை நெருக்கும், ரப்பர் ஒரு ஊசியைத் தள்ளும். ஊசி சட்டத்தில் முட்டி நிற்பதால் கிண்ணமே பின்னால் நகர்ந்து வால்வைத் திறந்துவிடும். குளிர்ந்தால் ஸ்பிரிங் திரும்ப மூடிவிடும். கரன்ட் வேண்டாம், சென்சார் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். 1930-களில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய இந்த முறைதான் இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. சில புது கார்களில் மெழுகுக்குள் ஒரு சின்ன ஹீட்டரையும் வைத்து இசியு கட்டுப்படுத்துகிறது, ஆனால் அங்கேயும் வேலை செய்வது மெழுகுதான். இவ்வளவு எளிமையான, இவ்வளவு நம்பகமான பாகம் இன்ஜினில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். "தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுடுங்க, வண்டி கூலா ஓடும்" என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும், தேய்மானம் கூடும். அதோடு, பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கம் இன்னொரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அது இறங்கி பைபாஸ் வழியை மூடும், அப்போதுதான் மொத்தக் கூலன்ட்டும் ரேடியேட்டருக்குப் போகும். அப்படிப்பட்ட இன்ஜினில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். குளிர்ச்சிக்காகக் கழற்றியதே அதிக பாரத்தில் ஓவர்ஹீட்டுக்குக் காரணமாகிவிடும்.

சரி, தொல்லைக்கு வருகிறேன்.

பழைய கார்களில் தெர்மோஸ்டாட் தனி, அதை மூடும் அலுமினிய மூடி தனி. போனால் அந்தச் சின்ன வால்வையும் ஒரு ரப்பர் வளையத்தையும் மட்டும் மாற்றினால் போதும். என் காரில் அப்படி இல்லை. கண்ணாடி இழை கலந்த நைலான் ஹவுசிங், அதற்குள்ளேயே தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி மொத்தமாக ஒரே பாகமாக விற்கிறார்கள். உள்ளே இருக்கும் வால்வு மட்டும் வேண்டும் என்றால் கிடைக்காது.

மாற்றும் வேலையில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில்தான் அடிக்கும். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது, பிடித்துத் திருகினால் விட்டுவிடும். ஹவுசிங் உட்காரும் அலுமினிய முகத்தில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவைக் கத்தியால் சுரண்டாமல் மெல்லிய ஸ்க்ரப்பரால் தேய்த்து எடுக்க வேண்டும், அங்கே விழும் ஒரு கீறல் பிற்பாடு கசிவாக வந்து நிற்கும். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். வால்வுத் தட்டில் காற்று வெளியேற ஒரு குட்டி ஆடும் முள் இருந்தால் அது மேலே வரவேண்டும். ஹவுசிங்கைப் பிடிக்கும் சின்ன போல்ட்டுகளுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், உங்கள் காரின் கையேட்டில் இருப்பதுதான் கடைசி வார்த்தை.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. காரும் நீண்ட காலம் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகுதான் குளிர்ந்த காலைகளில் மட்டும் ஒரு கசிவு. ரிசர்வாயரில் அளவு துளித்துளியாகக் குறையும். இன்ஜின் சூடானதும் கசிவு நின்றுவிடும், சூட்டில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் விரிந்து இடுக்கை அடைத்துவிடுகின்றன. அதனால் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் காய்ந்திருக்கும், எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது. அடையாளமாகக் கிடைத்தது ஒரு மெல்லிய படிவு மட்டும்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் படிந்தது மாதிரி ஒரு கோடு. துடைத்தால் போய்விடும், சில நாளில் அதே இடத்தில் திரும்ப வரும்.

போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு. அதனால் பயனில்லை, ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த ஹவுசிங்கைப் பற்றி எல்லாம் விளங்கும். பிளாஸ்டிக்கில் போல்ட் நுழையும் ஒவ்வொரு துளையிலும் ஒரு உலோகக் குழாய் பதித்திருப்பார்கள். போல்ட்டின் தலை அந்தக் குழாயில் போய் உட்காரும், பிளாஸ்டிக் நசுங்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. தலை குழாயைத் தொட்ட பிறகு எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் வளையத்தின் மீது அழுத்தம் ஒரு இழைகூட ஏறாது. போல்ட்தான் முறியும், இல்லையென்றால் அலுமினியத்தில் இருக்கும் மரை பிய்யும். வளையம் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை அந்தப் பள்ளத்தின் ஆழமே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது.

அதைவிட மோசமான விஷயம், படிவு இருந்தது நான் பொருத்திய முகத்திலேயே இல்லை. ஹவுசிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பிளாஸ்டிக்கின் இரண்டு பாதிகளையும் தொழிற்சாலையில் இணைத்த தையலில் ஓரமாக அந்தக் கோடு ஓடியது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு இடத்தில் மட்டும் தட்டுகிறது, முடி கனத்துக்குப் பிளவு. வீட்டில் எவ்வளவு கவனமாக மாட்டினாலும், எந்த சீலன்ட்டைப் பூசினாலும் அதற்குப் பரிகாரம் கிடையாது. கொதியும் குளிருமாக மாறி மாறி வேலை வாங்கும் இடத்தில், 1 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும் இடத்தில், இரண்டு பிளாஸ்டிக் பாதிகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

கழற்றியதை அப்படியே தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் விட்டுச் சூடேற்றினேன். 80 வரை அசையவே இல்லை. 88-ஐ ஒட்டி வால்வின் விளிம்பில் மெல்லிய பிறை போல ஒரு இடைவெளி தெரிந்தது. சூடு ஏற ஏறப் பிறை அகன்று, தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் நேரத்தில் முழுக்கத் திறந்து நின்றது. அடுப்பை அணைத்ததும் வந்த வழியே மெதுவாகத் திரும்பி இறுக மூடிக்கொண்டது. வால்வில் அச்சிட்டிருந்த டிகிரி எண்ணுக்கு அப்படியே கட்டுப்பட்டு நடந்தது. இன்னும் பல வருடம் உழைத்திருக்கும். அந்த நல்ல வால்வைத்தான் பிளவுபட்ட பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் குப்பையில் போட வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான், இப்போது எழுதும்போதும் வருகிறது.

எடை குறையும், அச்சில் வார்ப்பது மலிவு, ஹோஸ் முனைகளையும் சென்சார் இருக்கையையும் ஒரே வார்ப்பில் எடுத்துவிடலாம், அலுமினியம் மாதிரி அரிக்காது. பிளாஸ்டிக்கை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. பழைய அலுமினிய மூடிகள் தவறான கூலன்ட்டாலோ வெறும் குழாய்த் தண்ணீராலோ அரித்து ஓட்டை விழுந்ததும் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் வால்வைத் தனியாக எடுத்து மாற்ற ஒரு வழி வைத்திருக்கலாமே? இரண்டு கிளிப் போதும். ஆயுள் கூடிய பொருளை ஆயுள் குறைந்த பொருளோடு பிரிக்க முடியாதபடி பூட்டி வைப்பதற்கு என்னால் எந்த நியாயமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாற்றப் போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான எச்சரிக்கை, காற்று. பாகத்தை மாட்டுவதைவிடக் காற்றை வெளியேற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். கூலன்ட் நிரப்பியதும் உள்ளே எங்கேயாவது காற்று தங்கிவிடும். அந்தக் காற்றுக் குமிழி டெம்பரேச்சர் சென்சாரின் முனையில் போய் நின்றால், சென்சார் கூலன்ட்டில் மூழ்காமல் பொய் சொல்லும். முள் சாதாரணமாகக் காட்டும், சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்கும். அதனால் காரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று நீக்க ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை விடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஓடவிட்டு, இன்ஜின் இன்னும் சூடேறாதபோது ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது கையால் அமுக்கிவிடுங்கள், குமிழிகள் கிளம்பும். பல கார்களில் தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும், கூலன்ட் மட்டமும் சடாரென்று இறங்கும், உடனே நிரப்ப வேண்டும். ஐடிலிலேயே ஹீட்டரில் சூடான காற்று சீராக வந்தால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். மறுநாள் குளிர்ந்த பிறகு மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.

பழைய கூலன்ட்டைத் தட்டில் பிடித்து மூடி வையுங்கள், சாக்கடையில் விடாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். புதிதாக ஊற்றுவது கையேடு சொல்லும் வகையாகவே இருக்கட்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் வருகிறது. ஏற்கெனவே தண்ணீர் கலந்து வராத கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் மட்டும் கலக்குங்கள்.

நண்பனுக்கு என் பதில் இதுதான். பி0128 வந்தவுடனே பாகத்தை வாங்கிவிடாதே. முதலில் கூலன்ட் மட்டத்தைப் பார், குறைந்திருந்தாலும் அதே குறியீடு வரும், சென்சார் பழுதானாலும் வரும். மட்டம் சரியாக இருந்து, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஆரம்பத்திலிருந்தே மேல் ஹோஸும் சேர்ந்து சூடாகிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட் மூடவில்லை என்று எடுத்துக்கொள். உன் காரில் வால்வு தனியாக வருகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நீயே மாற்று, ஒரு மதியம் போதும். என் காரில் இருப்பது மாதிரி பிளாஸ்டிக் ஹவுசிங் என்றால், உன் மாடலுக்கு அலுமினியத்தில் மாற்று கிடைக்கிறதா என்று முதலில் தேடு. கிடைக்கவில்லை என்றால் பிளாஸ்டிக்கையே வாங்கு, ஆனால் மாட்டுவதற்கு முன் அந்தத் தையலை நகத்தால் ஒரு சுற்று வருடிப் பார்த்துவிட்டு மாட்டு.

மதிப்பெண் கேட்டால், மெழுகு வால்வுக்கு ஐந்துக்கு ஐந்து. முழு ஹவுசிங்குக்கு ஐந்துக்கு ஒன்றுதான் தருவேன். கார் இன்றைக்கு நன்றாக ஓடினாலும் அதற்கு மேல் தர மாட்டேன்.