இருபது மாதப் பையனுக்கு மூன்று வயது விளக்குமாறு

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் நாங்கள் குடியிருக்கும் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, முதலில் ரப்பரும் பிறகு செம்பனையும் நின்ற தோட்டத்து நிலத்தில் எழுந்தது. வீட்டுக்குப் பின்னால் இன்னமும் நாலு வரிசை செம்பனை மிஞ்சி நிற்கிறது. அதன் ஓலையிலிருந்து ஈர்க்கு சீவி என் மாமியார் கட்டிவைத்திருக்கும் விளக்குமாறுதான் எங்கள் வாசலுக்கு. என் மகனுக்கு ஒன்றரை வயது ஆனதிலிருந்து, காலையில் அவர் கூட்டத் தொடங்கும் சத்தம் கேட்டால் போதும், பால் போத்தலைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்த விளக்குமாற்றின் அடியைப் பிடித்து இழுப்பான். அப்படி இழுத்த ஒருநாள், ஈர்க்கு நுனி கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கன்னத்தைக் கீறிவிட்டது. அவனுக்கென்று தனியாக ஒரு சின்ன விளக்குமாறு வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

வாங்கப் போன இடத்தில்தான் சிக்கல். எங்கள் ஊர்க் கடைகளிலும் கூலிமிலும் பார்த்த வீட்டுவேலை விளையாட்டுச் சாமான் பெட்டிகள் அனைத்திலும் "3+" என்று அச்சிட்டிருந்தது. பையனுக்கோ இருபது மாதம். பதினெட்டு மாத ஊசி போடக் கிளினிக்குக்குப் போனபோது, வீட்டில் நீங்கள் செய்யும் வேலையைப் பார்த்து அவனும் செய்கிறானா என்று மிஸ்ஸி (தாதி) கேட்டுக் குறித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையங்கள் 2022-இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் படிநிலைப் பட்டியலிலும், பெரியவர்கள் செய்யும் வீட்டுவேலையைப் பார்த்துச் செய்தல் பதினெட்டு மாதத்துக்கு உரியதாகவே வருகிறது. அதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டே விளக்குமாறு கொண்டு கூட்டுவதுதான். ஒன்றரை வயதில் கூட்டும் ஆசை வருகிறது, கூட்டும் பொம்மைக்கோ மூன்று வயது ஆக வேண்டும் என்றால், இடையில் உள்ள ஒன்றரை ஆண்டுக்குப் பிள்ளை என்ன செய்வது?

அந்த எண் எதற்காகப் போடப்படுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்துக்கும் பெரும்பாலான பெட்டிகளில் உள்ள அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மையில், தொண்டையை அடைக்கக்கூடிய சிறு பாகம் எதுவும் இருக்கக்கூடாது. கீழே போட்டும் முறுக்கியும் இழுத்தும் பார்த்த பிறகும் அப்படி எதுவும் கழன்று வரக்கூடாது. இதை அளக்க ஒரு சிறிய உருளை வைத்திருக்கிறார்கள். அதன் வாய் 31.7 மில்லிமீட்டர் அகலம். அடிப்பகுதி சரிவாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். அழுத்தாமல் அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பாகம் எதுவானாலும் அது சிறு பாகம். இந்தச் சோதனைக்கு நிற்காத பொம்மையின் பெட்டியில், சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் குறுக்குக் கோடும் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே, பையனால் கூட்ட முடியுமா என்பதைப் பற்றி அந்தப் பெட்டிக்கு அக்கறையில்லை. எந்தத் துண்டை அவன் வாயில் போடுவான் என்பதுதான் அதன் கவலை. அந்தத் துண்டு எது என்று கண்டுபிடிக்க முடிந்தால் வாங்குவது, முடியாவிட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வருவது என்று நான் ஒரு கணக்குக்கு வந்தேன்.

வீட்டில் உருளைக்கு எங்கே போவது? கழிப்பறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழல் போதும். அது அந்த உருளையைவிடச் சற்று அகலமானது என்பதால், அதற்குள் நுழையாத பொருள் பொதுவாக உருளைக்குள்ளும் அடங்காது. இந்தச் சோதனையைப் பார்த்த மாமியார், "நாங்க தோட்டத்துப் பிள்ளைங்களப் பாத்துக்கிற ஆயாக் கொட்டகையில ரப்பர் கொட்டையும் கொட்டாங்கச்சியும் வச்சு விளையாண்டு வளந்தவங்க, எந்தக் கொட்டையில வயசு எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். ஞாபகத்துக்காக டின்னில் போட்டு வைத்திருந்த ரப்பர் கொட்டை ஒன்றை எடுத்துவந்து அவரே குழலில் போட்டார். அது கடகடவென்று மறுபக்கம் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, டின் மட்டும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

நான் கடைசியில் வாங்கியது, 39 ரிங்கிட் 90 காசு விலையில் விளக்குமாறு, மாப், கைத்தூரிகை, குப்பை அள்ளும் முறம், இவற்றை மாட்டிவைக்க ஒரு நிலைத்தாங்கி என்று ஐந்து உருப்படிகள் கொண்ட ஒரு தொகுப்பு. பெட்டியில் எம்.சி. முத்திரை இருந்தது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் பொம்மைப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகள் தரத்துக்கு இணங்க வேண்டும். அதன் அடையாளம்தான் அந்த முத்திரை. வயது எண்ணை மீறுவதாக இருந்தாலும் முத்திரையில்லாத பெட்டியைத் தொடுவதில்லை என்பது என் முதல் கட்டுப்பாடு.

விளக்குமாற்றின் கைப்பிடி மூன்று துண்டுகள், ஒன்றுக்குள் ஒன்று திருகிச் சேர்ப்பது. முழுதாகச் சேர்த்தால் 62 சென்டிமீட்டர். பையனின் உயரமே 83. இந்தக் கம்பைத் தூக்கிக்கொண்டு அவன் திரும்பினால், பின்னால் வரும் ஆளின் முழங்காலுக்கும் மேசைமேல் உள்ள கோப்பைக்கும் உத்தரவாதமில்லை. ஆகவே விளக்குமாறு, மாப் இரண்டிலும் நடுத்துண்டைக் கழற்றிவிட்டேன். இப்போது நீளம் 41 சென்டிமீட்டர், அவன் இரண்டு கையாலும் பிடித்தால் அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது. நல்லவேளையாக மேல்துண்டும் கீழ்த்துண்டும் ஒரே அளவு மரை கொண்டவை. வாங்கும் முன் கடையிலேயே இதைத் திருகிப் பார்ப்பது நல்லது.

அதன் குறை எங்கே இருந்தது என்றால், கைப்பிடியின் உச்சியில் மாட்டுவதற்கான துளையுடன் ஒரு மூடி இருந்தது, அதில்தான். கட்டைவிரல் நகத்தால் நெம்பினேன், மூன்றாவது நெம்பலில் கையோடு வந்துவிட்டது. குழலில் போட்டேன், உள்ளே போனது. பெட்டியில் 3+ என்று போட்டதன் காரணம் இதோ என் உள்ளங்கையில் இருக்கிறது என்று நினைத்தேன். மூடியைக் குப்பையில் போட்டுவிடலாம்; ஆனால் மூடியில்லாத குழாயின் விளிம்பு பிசிறாக, உதட்டைக் கீறும் கூர்மையுடன் இருந்தது. என் கணவர் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, நீர்க்குழாய்க் கடையில் வாங்கிவந்த பெரிய பி.வி.சி. மூடியைப் பசை வைத்து இறுக்கிவிட்டார். இரண்டு நாள் காயவிட்டு, நான் முழுப் பலத்துடன் இழுத்தும் அசையவில்லை. குழலில் வைத்தால் வாயிலேயே நின்றது. இந்த வேலைக்கு ஆன செலவு 3 ரிங்கிட், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நாற்பது ரிங்கிட் வாங்குகிற பொருளில் ஒரு மூடியை உருக்கி ஒட்டித் தருவது தயாரிப்பாளருக்கு எவ்வளவு சிரமமோ தெரியவில்லை.

மற்றபடி தொகுப்பு நன்று. விளக்குமாற்று நார் மென்மையானது, கொத்தாகப் பிடித்து இழுத்தும் உதிரவில்லை. உண்மையிலேயே கூட்டவும் கூட்டுகிறது. சோற்றுப் பருக்கையைச் சேர்த்து முறத்துக்குக் கொண்டுவருவதில் பையனுக்குப் பத்தில் ஒருமுறை வெற்றி. மாப் நூலை மட்டும் அவன் சப்புகிறான் என்பதால் வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு அலசி வெயிலில் உலர்த்துகிறேன். நிலைத்தாங்கி எங்களுக்குப் பயன்படவில்லை: அடிப்பாகம் இலேசாக இருப்பதால் ஒன்றை எடுத்தால் மற்றவையெல்லாம் சேர்ந்து அவன்மேல் சாய்கின்றன. அதைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டோம்.

இதற்கு முன்னால் இரவுச் சந்தையில் 12 ரிங்கிட்டுக்கு வாங்கிய காய்கறி வெட்டும் தொகுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு பாதிக் கேரட்டை ஒட்டும் நாடா பிணைத்திருக்கும், பிளாஸ்டிக் கத்தியால் அழுத்தினால் 'சரக்' என்று பிரியும். அந்தச் சத்தத்துக்குப் பையன் மயங்கிப்போனான். நானும் மயங்கினேன், இல்லையென்றால் முத்திரையில்லாத பெட்டியை வாங்கியிருக்க மாட்டேன். நான்காம் நாள் அவன் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கச் சொல்லி விரலைவிட்டுப் பார்த்தால், கன்னத்தின் உட்புறம் இருபது காசு அளவில் ஒரு வட்டம்: கேரட்டிலிருந்து பசை விட்டுக் கழன்ற ஒட்டும் நாடா. அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்டியபோது, "தங்கச்சி, பெரிய பிள்ளைக்கு உள்ளத சின்னப் பிள்ளைக்கிட்ட குடுத்தா அப்படித்தான்" என்றார் விற்றவர். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததால் நான் பதில் பேசவில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் வயது எண்ணே இல்லை என்பது மற்றப் பாதி.

இந்த வரிசையில் நான் அடியோடு வேண்டாம் என்று ஒதுக்கியது, மின்கலம் போட்ட இஸ்திரிப் பெட்டி. தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தமும் சிவப்பு விளக்கும் வரும், அழகானதுதான். ஆனால் உள்ளே இருப்பது பொத்தான் மின்கலம், மூடிக்குத் திருகாணி கிடையாது, நகத்தாலேயே திறக்கிறது. பொத்தான் மின்கலத்தை விழுங்கினால், குறிப்பாக 20 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை வகை உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைச் சுட்டுப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். இதற்குக் குழல் சோதனையும் தேவையில்லை, வீட்டில் பழுதுபார்க்க வழியும் கிடையாது. அத்துடன் கழுத்தைச் சுற்றும் அளவு நீளமான ஒரு போலி மின்கம்பியும் அதில் தொங்கியது.

மரத்தாலான விளையாட்டுச் சமையலறை வேண்டும் என்று என் தங்கைக்கு ஆசை. 2019-இல் பினாங்கின் பத்து கவானில் திறந்த ஐக்கியா அறைகலன் கடையில் 'டுக்டிக்' என்ற ஒன்று இருக்கிறது. அதுவும் மூன்று வயதுக்கு மேல்தான், பிள்ளை வளர வளர அதன் கால்களை உயர்த்தி மூன்று உயரங்களில் வைக்கலாம். முழு உயரம் 109 சென்டிமீட்டர். எங்கள் வரவேற்பறையில் அதை வைத்தால் நாங்கள் வெளியே உட்கார வேண்டியிருக்கும். ஆகவே சமையலுக்கு இப்போதைக்கு மாமியாரின் இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு கரண்டி, கைப்பிடி போன ஒரு சின்னச் சட்டி. விலை இல்லை, கழல்வதற்கு ஒன்றுமில்லை, சத்தம் மட்டும் தாங்க வேண்டும்.

ஆண் பிள்ளையின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தது பற்றி அக்கம்பக்கத்தில் இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். அவர்கள் வீட்டு வாசலை யார் கூட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் அதை இங்கே நீட்டவில்லை.

அவன் கூட்டும்போது வீட்டில் யாராவது ஒருவர் கூடவே இருக்கிறோம். ஞாயிறுதோறும் உச்சி மூடியையும் நார்க்கொத்தையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது என் கணவரின் வேலை. இரவில் எல்லாவற்றையும் சுவரில் அவன் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிடுகிறோம், இல்லையென்றால் விடியற்காலையில் தூங்குபவர்களின் முகத்தைக் கூட்டுகிறான். கழற்றிய நடுத்துண்டுகள் இரண்டும் ரப்பர் கொட்டை டின்னுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பையன் ஒரு மீட்டரைத் தொடும்போது அவற்றைத் திருகிக்கொடுக்க வேண்டும்.