தலைமாட்டுக் கடிகாரமாகக் கைத்தொலைபேசி: ஒரு லயக் காம்பராவிலிருந்து மதிப்பீடு

கைத்தொலைபேசியைத் தலைமாட்டில் கடிகாரமாக வைத்துக்கொள்ள இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: சார்ஜ் ஏறும்போது திரையில் கடிகாரத்தை ஓடவிடும், அன்ட்ரொய்டிலேயே உள்ள ஸ்கிரீன் சேவர், போன் பூட்டியிருக்கும்போதும் மணியைக் காட்டும், குறிப்பிட்ட வகைத் திரைகளில் மட்டும் கிடைக்கும் ஓல்வேஸ் ஒன் டிஸ்பிளே, ஐபோனின் ஸ்டாண்ட்பை, பிளே ஸ்டோரில் கிடைக்கும் இரவுக் கடிகாரச் செயலிகள். ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்திலுள்ள எங்கள் வீட்டில் இவை எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். இத்தகைய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை தனியறையில் உறங்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் ஓர் அறையான 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் அவை பாதிதான் உதவும். கொழுந்து பறிக்கச் செல்லும் அம்மா, தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அப்பா, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கை, பார்வை மங்கிய அம்மாயி என ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் படுத்து எழும் ஓர் அறையில், ஒருவருடைய கடிகார வெளிச்சம் எல்லோருடைய முகத்திலும் விழுகிறது. ஆகவே இருட்டில் மணி தெரிகிறதா என்பதை மட்டுமல்லாமல், பக்கத்தில் உறங்குபவரின் இருட்டை அது கெடுக்காமல் இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். இரண்டாவது கேள்விக்கே நான் அதிக மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

முதலில் திரையின் வகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமைகின்றன. அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்பாகக் காட்ட வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளிகள் அணைந்துவிடுகின்றன. இருட்டில் எண்கள் மட்டுமே தெரியும். விலை குறைந்த போன்களில் உள்ள எல்சிடி திரையிலோ பின்னால் ஒரு விளக்கு முழுத் திரைக்குமாக எரிந்துகொண்டிருக்கும். கறுப்பு என்பது அந்த வெளிச்சத்தை மறைக்கும் முயற்சி மட்டுமே, எனவே கொஞ்சம் கசிந்தே தீரும். எங்கள் வீட்டிலுள்ள பழைய எல்சிடி போனைப் பெட்டியின் மேல் மல்லாத்தி வைத்து, மிகக் குறைந்த வெளிச்சத்தில் கடிகாரத்தை ஓடவிட்டபோது, விளக்கை அணைத்துக் கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, தகரக் கூரையில் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம் தெரிந்தது. சுவரோரம் படுத்திருந்த தங்கை போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். எல்சிடி போனை இரவு முழுதும் எரியும் கடிகாரமாக வைப்பதை நான் பரிந்துரைக்காததற்கு அது ஒன்றே போதும். அந்த வகைப் போன் வைத்திருப்பவர்கள் திரையை அணைத்தே வைத்து, இரண்டு முறை தட்டினால் விழிக்கும் வசதி இருந்தால் அதை இயக்கிக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் மணி பார்ப்பது மேல்.

அமோலெட் திரையுள்ள என்னுடைய நடுத்தர விலைப் போனில் அதிகம் பயன்படுத்தியது ஸ்கிரீன் சேவர்தான். 2012இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 4.2இலிருந்தே இந்த வசதி இருக்கிறது. அப்போது அதற்கு டேட்ரீம் என்று பெயர். இத்தனை ஆண்டுகளாக இருந்தும் எங்கள் பக்கத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. அமைப்புகளில் டிஸ்பிளே பகுதிக்குள் இது இருக்கும். கண்ணில் படாவிட்டால் மேலே உள்ள தேடல் பெட்டியில் தேடினால் கிடைத்துவிடும். கடிகாரம் என்ற தெரிவு பட்டியலில் இல்லாத போன்களில் கூகுளின் கடிகாரச் செயலியை நிறுவிப் பார்க்கலாம். அதன் பிறகு அந்தச் செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, எண் வடிவத்தைத் தெரிந்தெடுத்து, இரவுப் பயன்முறையை இயக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டால் கடிகாரம் பளிச்சென்று எரியும். படுத்திருப்பவர்கள் அனைவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இரவுப் பயன்முறையில் மங்கலான எண்களும், அவற்றின் கீழே திகதியும், அடுத்த அலாரம் எத்தனை மணிக்கு என்பதும் தெரிகின்றன. அலாரம் வைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தில் நடுராத்திரி போனைக் கையிலெடுக்கும் பழக்கத்தை அந்தச் சிறிய வரி ஒன்றே நிறுத்திவிடுகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை எண்கள் மெல்ல மறைந்து வேறோர் இடத்தில் தோன்றுகின்றன. அமோலெட் திரையில் ஒரே உருவம் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் அந்தப் புள்ளிகள் மட்டும் முன்கூட்டியே தேய்ந்து, நிழல் போன்ற தழும்பு நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்பதால்தான் இந்த இடமாற்றம். முதலில் கண்ணுக்கு விசித்திரமாகத் தோன்றினாலும், வேண்டியே செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு இது.

இதில் தெரிந்திருக்க வேண்டிய நுணுக்கங்கள் சில உண்டு. பெரும்பாலான போன்களில் பவர் பட்டனை அழுத்தித் திரையை அணைத்தால் ஸ்கிரீன் சேவர் வராது. சார்ஜரில் செருகி, திரை தானாக அணையும் நேரம் வரை தொடாமல் விட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது திரையைத் தொட்டால் கடிகாரம் விலகி, பூட்டுத் திரை வழக்கமான வெளிச்சத்தோடு வந்து நிற்கும். ஆகவே படுக்கும் முன் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைப்பதோடு, 2021இல் அன்ட்ரொய்ட் 12உடன் வந்த எக்ஸ்ட்ரா டிம் வசதியையும் இயக்கிவிடுவது நல்லது. அடிமட்டத்துக்கும் கீழே திரையை மங்கச் செய்யும் அந்த வசதியை இவ்வளவு காலம் கடந்து தந்ததுதான் குறை. தந்த பிறகு அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலா இரவா என்பதை உடலுக்கு அறிவிக்கும் கண்ணின் உணர்கலங்கள் ஏறத்தாழ 480 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கே மிகக் கூடுதலாக எதிர்வினை காட்டுகின்றன. சிவப்புக்கு மிகக் குறைவாக. கூகுள் கடிகாரத்தின் இரவுப் பயன்முறை எண்களை மங்கச் செய்கிறதே தவிரச் சிவப்பாக்குவதில்லை. இதற்கு மாற்றாக, திரையின் நீல ஒளியைக் குறைக்கும், போனிலுள்ள நைட் லைட் வசதியை உச்ச அளவில் வைத்து, மாலையில் தானாகத் தொடங்கும்படி அமைத்தேன். எண்கள் குப்பி விளக்கின் நிறத்துக்கு வந்துவிட்டன. நடுராத்திரியில் விழித்துக்கொள்ளும் அம்மாயி முன்பெல்லாம் “மணி என்னாச்சுப்பா?” என்று என்னை எழுப்பிக் கேட்பார், இப்போது தலையை மட்டும் திருப்பி, கண்ணாடி போடாமலே மணி பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். அவருடைய கண்ணுக்கு எட்டும் அளவில் எண்கள் பெரிதாக இருப்பதும், அடுத்துப் படுத்திருக்கும் அம்மாவின் முகத்தில் எந்த வெளிச்சமும் விழாததும் ஒருசேர அமைந்தது இந்த ஏற்பாட்டில் மட்டுமே.

ஸ்கிரீன் சேவரின் பெரிய பலவீனம் மின்சாரம். அது சார்ஜ் ஏறும்போது மட்டுமே ஓடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மரம் முறிந்து கம்பியில் விழுவதும் இரவில் கரண்ட் போவதும் எங்களுக்குப் புதிதல்ல. கரண்ட் போனவுடன் கடிகாரம் நின்று திரை அணைந்துவிடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், மின்சாரம் திரும்பி வரும் கணம்தான் மோசமானது. சார்ஜ் ஏறத் தொடங்கியதை அறிவிக்கத் திரை முழுவதும் விழித்து, ஓர் ஒலியும் எழும். விட்டுவிட்டு வரும் மின்சாரமானால் ஒவ்வொரு முறையும் இதே கதை. அந்த ஒலியை ஒலி அமைப்புகளில் நிறுத்திவிடலாம். திரை விழிப்பதை என்னுடைய போனில் நிறுத்த முடியவில்லை, எனவே அந்த மாதங்களில் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கும் வழக்கம் வந்துவிட்டது.

மின்தடை அடிக்கடி ஏற்படும் இடங்களில் ஓல்வேஸ் ஒன் டிஸ்பிளேதான் பொருத்தம். அது சார்ஜரை எதிர்பார்ப்பதில்லை; திரையில் மிகச் சில புள்ளிகளை மட்டும் எரியவிட்டு, இருட்டறையில் தன் ஒளியைத் தானே குறைத்துக்கொண்டு, பற்றரியிலேயே இரவைக் கடத்திவிடும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் எண்கள் சிறியவை. சில போன்களில் அளவை மாற்ற வழியே இல்லை. அம்மாயிக்கு அது பயன்படவில்லை. அறிவிப்புகளின் சின்னங்களும் அதே திரையில் வந்து குவிவதால், மணி பார்க்கப் போய் யார் செய்தி அனுப்பினார்கள் என்று பார்க்கத் தூண்டப்படுகிறோம். அந்தச் சின்னங்களை மறைக்கும் தெரிவு இருந்தால் முதல் நாளே மறைத்துவிடுங்கள்.

இரவுக் கடிகாரச் செயலிகளைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. நான் நிறுவிய இலவசச் செயலி ஒன்று, அழகான சிவப்பு எண்களுக்குக் கீழே, வெள்ளைப் பின்னணியில் விளம்பரம் காட்டியது. இருட்டறைக்கென்று செய்த பொருளில் வெள்ளை விளம்பரத்தை வைப்பவர்கள் உறங்குபவர்களைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். சாதாரணச் செயலியாக இயங்கித் திரையை அணையவிடாமல் பிடித்து வைத்திருப்பதால், சார்ஜரில் இல்லாத நேரத்தில் பற்றரியையும் விரைவாகக் காலியாக்குகின்றன.

கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் விடுமுறையில் வந்திருந்தபோது அவருடைய ஐபோன் 15 ப்ரோவில் ஸ்டாண்ட்பையைப் பார்க்கக் கிடைத்தது. 2023 செப்டெம்பரில் ஐஓஎஸ் 17உடன் வந்த இந்த வசதி, போன் பூட்டிய நிலையில், சார்ஜ் ஏறியபடி, பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும்போது தானாகவே தொடங்குகிறது. அறை இருட்டானதும் முழுத் திரையும் சிவப்பு எண்களுக்கு மாறிவிடுகிறது. நிறத்தில் மற்ற எல்லாவற்றையும் இது வென்றுவிட்டது. 14 ப்ரோ முதலான ப்ரோ வகைகளில் கடிகாரம் தொடர்ந்து தெரியும். திரை எப்போதும் எரியும் வசதி இல்லாத ஐபோன்களில் சற்று நேரத்தில் அணைந்து, தட்டினால் மீண்டும் வரும். நிமிர்த்தி வைக்க ஒரு தாங்கி கட்டாயம் வேண்டும், மின்சாரமும் வேண்டும். கடிகாரத்துக்காக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

எந்த வழியைத் தெரிந்தெடுத்தாலும், கடிகாரத்தைவிட அதிகமாக உறக்கத்தைக் கெடுப்பவை அறிவிப்பு வரும்போது திரை விழிப்பதும், போனை நகர்த்தினால் விழிப்பதும்தான். இரண்டையும் அணைத்துவிட்டு, அழைப்புகளையும் அறிவிப்புகளையும் ஒலிக்காமல் அடக்கி வைக்கும் டூ நொட் டிஸ்ட்டர்ப் வசதியை நேர அட்டவணையோடு இயக்கலாம். அலாரத்துக்கு அதில் அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலை பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர் உறங்கிக்கொண்டிருப்பார்.

ஆனால் மலையகத்தில் போனை முற்றாக ஊமையாக்கி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்ட பிறகு, மழைக்கால இரவில் வரும் அழைப்பை யாரும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் அந்தத் தகவல் மேல் லயத்திலிருந்தோ, தோட்டத் தலைவரிடமிருந்தோ, கிராம உத்தியோகத்தரிடமிருந்தோ ஒரு தொலைபேசி அழைப்பாகவே நம்மை வந்தடையும். ஆகவே அவர்களுடைய இலக்கங்களை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்து, ஒரே ஆள் மீண்டும் அழைத்தால் ஒலிக்கும் தெரிவையும் இயக்கி வைக்க வேண்டும். அன்ட்ரொய்டில் 15 நிமிடங்களுக்குள்ளும் ஐபோனில் 3 நிமிடங்களுக்குள்ளும் வரும் இரண்டாவது அழைப்பு ஒலிக்கும். திரை இருண்டிருக்க, வேண்டிய குரல் மட்டும் எட்டும் இந்த ஏற்பாட்டை, தலைமாட்டில் வைக்கும் எந்த மேசைக் கடிகாரத்தாலும் தர முடியாது. போனைக் கடிகாரமாக்கலாம் என்று நான் சொல்வதற்கான மிக வலுவான காரணமும் இதுவே.

இரவு முழுதும் சார்ஜரில் இருப்பதால் பற்றரி பழுதாகுமே என்று பலர் கேட்கிறார்கள். லிதியம் பற்றரியைத் தேய்ப்பவை சூடும், முழுக்க நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் இருப்பதும். 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் உள்ளது, அதை இயக்கிவிடலாம். எங்கள் குளிர் சூட்டைக் குறைக்க உதவுகிறது, ஆனால் அந்தக் குளிருக்காகவே போனையும் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. சார்ஜ் ஏறும் போன் கம்பளிக்குள்ளோ தலையணைக்குக் கீழோ இருப்பது ஆபத்து. கட்டாயம் பலகை மேலோ பெட்டி மேலோ இருக்க வேண்டும்.

அமோலெட் போன் வைத்திருப்பவர்களுக்கு, கூகுள் கடிகாரத்தின் ஸ்கிரீன் சேவரை நைட் லைட்டோடும் எக்ஸ்ட்ரா டிம்மோடும் சேர்த்துப் பயன்படுத்தும்படி மனமாரச் சொல்வேன். கரண்ட் நிலையில்லாத மாதங்களில் ஓல்வேஸ் ஒன் டிஸ்பிளேக்கு மாறிக்கொள்ளலாம். கூகுளிடம் கேட்க எனக்கு இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன: இரவுப் பயன்முறையில் சிவப்பு எண்களுக்கு ஒரு தெரிவு, மின்சாரம் போய்த் திரும்பும்போது பூட்டுத் திரை எழாமல் கடிகாரமே அமைதியாகத் தொடர ஒரு தெரிவு.