டிவைடரோடு ஆரம்பிக்கும் தாவர ஓவிய வகுப்பு: என் மதிப்பீடு

"எனக்குக் கோடு கூட நேராக வராது" என்று சொல்லியே பென்சிலைத் தொடாமல் இருப்பவர்களுக்கான வீடியோ வகுப்பு என்று போட்டிருந்தார்கள். வழக்கமான விளம்பரப் பேச்சு என்றுதான் நினைத்தேன், ஆனால் முதல் பாடத்தில் ஆசிரியை கையில் எடுப்பது பென்சிலை அல்ல, ஜியாமெட்ரி பாக்ஸில் சும்மா கிடக்குமே, அந்த டிவைடரை. (இலையிலும் பூவிலும் நேர்கோட்டுக்குப் பெரிய வேலை இல்லை என்பது வேறு விஷயம்.)

ஒரே ஒரு இலை. அதைத் தாளுக்குப் பக்கத்தில் தட்டையாக வைத்து, காம்பு சேரும் இடத்திலிருந்து நுனி வரை உள்ள நீளத்தை டிவைடரில் பிடித்து அப்படியே தாளில் இரண்டு புள்ளி வைக்கச் சொல்கிறார். அப்புறம் இலை எங்கே அதிக அகலம், நடுவிலா, காம்புப் பக்கமா, நுனிப் பக்கமா? அந்த இடத்தில் இடதுபுறம் ஒரு புள்ளி, வலதுபுறம் ஒரு புள்ளி. நாலையும் லேசாக இணைத்தால் இலையின் உருவம் வந்துவிடுகிறது. கூடிய வரை நிஜ அளவிலேயே வரைவதுதான் தாவர ஓவியத்தில் வழக்கம், அதனால் பெரிதாக்குவது, சிறிதாக்குவது என்ற கணக்கும் இல்லை. இதில் திறமைக்கு எங்கே வேலை, சொல்லுங்கள்? அளந்தால் போதும். "பயத்தை விடுங்கள், மனம் போனபடி வரையுங்கள்" என்று உற்சாகப்படுத்தும் வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன், அந்தத் தைரியம் வெள்ளைத் தாளைப் பார்த்ததும் போய்விடும். இந்த நாலு புள்ளி அப்படியில்லை, எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கே இடம் வைக்கவில்லை.

இரண்டாவது பாடம் நரம்புகள். மொத்த வகுப்பிலும் இதுதான் உருப்படியான பாடம் என்பேன். நம்மில் பெரும்பாலோர் இலை என்றதும் நடுவே ஒரு கோடு, இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரி சாய்கோடுகள் என்று இழுத்துவிடுவோம். ஆசிரியை கேள்வி கேட்கிறார்: பக்க நரம்புகள் நடுநரம்பிலிருந்து எதிரெதிராகக் கிளம்புகின்றனவா, மாறி மாறியா? விளிம்பு வரை போகின்றனவா, இல்லை கொஞ்சம் முன்னாலேயே மேல்நோக்கி வளைந்து அடுத்த நரம்போடு சேர்ந்துகொள்கின்றனவா? பதில் கையில் உள்ள இலையிலேயே இருக்கிறது, பார்த்து எழுத வேண்டியதுதான். இன்னொன்று, நரம்பைக் கறுப்புக் கோடாக வரையவே கூடாதாம். பல இலைகளின் மேல்புறத்தில் நரம்பு வெளிறித்தான் தெரியும், அதனால் அதன் இரண்டு பக்கமும் நிழல் கொடுத்து, நரம்பு இருக்கும் இடத்தை வெறும் தாளாக விட்டுவிட வேண்டும். வெளிச்சம் இடது மேல்பக்கத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வது இந்தத் துறையின் பழைய வழக்கம், எங்கே நிழல் என்ற குழப்பமும் அதோடு தீர்ந்தது.

பூவுக்குச் செம்பருத்தியை எடுத்துக்கொள்கிறார், நல்ல தேர்வு. ஐந்து இதழ், ஒவ்வோர் இதழின் ஒரு ஓரம் பக்கத்து இதழுக்கு மேலே, மறு ஓரம் அடுத்ததற்கு அடியில். பள்ளியில் திருகு இதழமைவு என்று படித்தோமே, அதேதான். நடுவில் மகரந்தத் தாள்கள் ஒட்டிய குழாய், அதன் உச்சியில் ஐந்து சூலக முடிகள். இவ்வளவையும் எண்ணி ஓரத்தில் எழுதிய பிறகுதான் பென்சில். நேராகப் பார்த்தால் வட்டம், பூ திரும்பியிருந்தால் நீள்வட்டம், இதழ்களின் கோடுகள் எல்லாம் உள்ளே ஒரே மையத்துக்குப் போக வேண்டும். செம்பருத்திப் பூ பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும் என்பதால் பூவை முதலில் முடி, இலை காத்திருக்கும் என்கிறார். அந்தப் பாடத்தில் அவர் வரைந்த ஓர் இதழே அகலமாகிப் போகிறது, மறுபடி அளந்து அழித்துத் திருத்துகிறார், அதை வெட்டாமல் வீடியோவில் அப்படியே விட்டிருக்கிறார்கள். இதற்கே தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

தாவர ஓவியம் ஏன் இன்னும் தேவை என்பதையும் போகிற போக்கில் சொல்கிறார். 1787-இல் தொடங்கிய Curtis's Botanical Magazine என்ற பிரிட்டிஷ் தாவரவியல் பத்திரிகையில் கேமரா வந்த பிறகும் வரைபடங்கள் வருகின்றன. பூ, காய், விதை, குறுக்குவெட்டு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தெளிவாகக் காட்ட ஓவியத்தால் முடியும். அழகாக வர வேண்டும் என்பதைவிட, இது இன்ன செடி என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பதே குறிக்கோள் என்றால் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது.

சரி, குறைகள். நம்மை நோக்கி வளைந்து வரும் இலையை வரையும் பாடம் மகா அவசரம். நடுநரம்பை மடிப்புக்குள் மறையும் பகுதியும் சேர்த்து ஒரே வளைகோடாக முதலில் போட வேண்டும், அப்பால் இருக்கும் பாதி குறுகலாகத் தெரியும், இந்த இரண்டையும் நிதானமாகச் சொன்னாலே போதும். அதை வேகமாக ஓட்டிய வீடியோவில் காட்டினால் தொடக்கக்காரருக்கு என்ன புரியும்? நான் வேகத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் பார்த்தேன்.

பொருள் பட்டியலும் தேவைக்கு மேல் நீளம். எடுத்த எடுப்பில் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஹாட் பிரஸ் தாள் கேட்கிறார்கள். வாட்டர்கலருக்கு அது அருமையான வழவழப்புத் தாள்தான், ஆனால் பென்சில் பாடங்கள் முடியும் வரை சொரசொரப்பில்லாத எந்த ஸ்கெட்ச் புக்கும் போதும். ஒரு எச்பி பென்சில், அதைவிடக் கடினமான ஒரு 2எச் பென்சில், பிசைந்து உருட்டிக்கொள்ளும் ரப்பர், டிவைடர். அவ்வளவுதான்.

வரைந்ததை அனுப்பினால் பதில் தாமதமாகத்தான் வருகிறது, வந்தால் "சூப்பர்" என்று முடிக்காமல் எந்த நரம்பின் கோணம் தவறு என்று சுட்டிக்காட்டுகிறார்கள். வண்ணப் பகுதி மட்டும் ஒப்புக்குச் சேர்த்தது. நீலமும் மஞ்சளும் கலந்து பச்சை எடுப்பதோடு சரி, இலையின் பளபளப்புக்கு வெள்ளை இடத்தை எப்படி விடுவது என்று வாயே திறக்கவில்லை. வண்ணத்துக்காகவே சேர நினைப்பவர்கள் வேறு வகுப்பு பாருங்கள்.